சாயங்காலம் ஆனா நெட் கட்டாவுது, ரவுட்டர் மாத்தியும் சரியாவல

குடமுருட்டி:
எல்லாருக்கும் வணக்கம். பாபநாசம் பக்கத்துல கிராமம் எங்களுக்கு. உள்ளூர் கேபிள்காரர் கொடுத்த பைபர் கனெக்ஷன். அவர் வச்ச வெள்ளைப் பொட்டி ஒண்ணு, அதுலேர்ந்து லேன் ஒயர் போட்டு நம்ம சொந்த ரவுட்டர். பகல்ல பிரமாதமா ஓடுது, குறையே சொல்ல முடியாது. விளக்கு வைக்கிற நேரம் தாண்டுனா ஆரம்பிக்கும். நெட் போவும், ரெண்டு மூணு நிமிஷத்துல வரும், கொஞ்ச நேரம் ஓடும், திரும்ப போவும். ராத்திரி பத்து பத்தரைக்கு மேல தானா சரியாயிடும். எனக்கு வேலையே சாயங்கால ஷிப்டுதான், மீட்டிங் நடுவுல காணாம போயிடறேன். தங்கச்சி வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல இருக்காரு, அவர் புள்ளைங்களோட பேசறதும் அந்த நேரந்தான். கேபிள்காரரைக் கூப்பிட்டா பகல்ல வர்றாரு, பகல்ல எல்லாம் நல்லா இருக்கு, "ரவுட்டர் பழசு சார்"னு சொல்லிட்டுப் போனாரு. புதுசு வாங்கியாச்சு, அதே கதைதான். இப்ப கடையில ஆறாயிரம் ரூவாய்க்கு நாலு ஆன்டெனா வச்சது ஒண்ணு காட்டி இதை வாங்குங்கன்றாங்க. வாங்கலாமா?

வெண்ணாறு:
வாங்காதீங்க தம்பி. எங்க அறுபடுதுன்னு தெரியாம பொட்டி மாத்துறது காசுக்குப் பிடிச்ச கேடு. நான் இந்த வேலைதான் பார்க்கிறேன், நீடாமங்கலம் வலங்கைமான் பக்கம். நம்ம பக்கத்துல ரவுட்டர் கெட்டுப்போச்சுன்னு கூப்பிடுற வீட்டுல பாதிக்கு மேல ரவுட்டர் நல்லாத்தான் இருக்கும். கரண்ட்டு, ஈரம், இடி, இந்த மூணும்தான் ஆளைப் படுத்தும்.

இன்னைக்கு சாயங்காலம் நெட் போறப்ப போனைக் கீழ வச்சுட்டு நேரா அந்த வெள்ளைப் பொட்டி முன்னாடி போய் நில்லுங்க. லைட்டு அத்தனையும் அணைஞ்சு திரும்ப ஒவ்வொண்ணா வருதா, இல்ல லாஸ்னு (LOS, பைபர்ல வெளிச்சம் வரலைன்னு காட்டுறது) போட்டிருக்கிற லைட்டு மட்டும் சிவப்பா எரியுதா, இல்ல எந்த லைட்டும் மாறாம போன்ல மட்டும் நெட் இல்லையா? மூணும் மூணு வியாதி. அப்புறம் பொட்டிக்குள்ளயும் ரவுட்டருக்குள்ளயும் பிரவுசர் வழியா போய் ஸ்டேட்டஸ் பக்கத்துல அப்டைம்னு ஒண்ணு இருக்கும் பாருங்க, எவ்வளவு நேரமா அணையாம ஓடுதுங்கிற கணக்கு அது. ரெண்டுலயும் என்ன காட்டுதுன்னு எழுதுங்க.

மாயவரத்தான்_நெட்:
எனக்கென்னவோ இது சாயங்கால கூட்டம்னு தோணுது. எல்லாரும் வேலை முடிஞ்சு வந்து போனை எடுக்கிற நேரம். தெருவுல பத்து வீட்டுல வைஃபை இருந்தா எல்லாமே ஒரே சேனல்ல முட்டிக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணு, ஆறு, பதினொண்ணு, இந்த மூணு சேனல்தான் ஒண்ணோட ஒண்ணு மோதாது, அதுல எது காலியா இருக்கோ அதை வைங்க. 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தா அதுக்கு மாறிடுங்க. கேபிள்காரரும் ஒரே லைனை நிறைய வீட்டுக்குப் பிரிச்சுக் கொடுத்திருப்பாரு, அதைக் கேளுங்க முதல்ல.

வெண்ணாறு:
மாயவரத்தார் சொல்றது நடக்கிறதுதான், நான் மறுக்கல. பைபர்ல ஒரு போர்ட்டை ஸ்ப்ளிட்டர்னு வெளிச்சத்தைப் பிரிக்கிற துண்டு வச்சு 32 வீடு, 64 வீடுன்னு பிரிக்கிறாங்க, ஜிபான்ங்கிற (GPON) வகை லைன்னா கீழ வர்ற 2.488 ஜிகாபிட்டை எல்லாரும் பங்கு போட்டுக்கணும். ஆனா கூட்டத்தால வர்ற தொல்லை வேற மாதிரி இருக்கும். வீடியோ சுத்தும், குரல் உடையும், ஸ்பீடு டெஸ்ட்ல நூறு வர்ற இடத்துல எட்டு வரும். சுத்தமா அறுந்து, ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு, ஒண்ணுமே நடக்காத மாதிரி முழு ஸ்பீடுல வராது. ரெண்டு மூணு நிமிஷம்னு தம்பி எழுதினதுதான் எனக்கு உறுத்துது. ஒரு பைபர் பொட்டி அணைஞ்சு எரிஞ்சு, மறுபடி லைனைப் பிடிச்சு, யூசர்நேம் கொடுத்து உள்ள போறதுக்கு ஏறக்குறைய அந்த நேரம்தான் ஆவும்.

வைஃபையா லைனான்னு சந்தேகம் வந்தா லேப்டாப்பை லேன் ஒயர்ல ரவுட்டரோட மாட்டிட்டு, கருப்பு விண்டோவுல (கமாண்ட் பிராம்ப்ட்) ping 192.168.1.1 -t அப்படின்னு ஒண்ணை ஓட விடுங்க, அது ரவுட்டர் பதில் சொல்லுதான்னு கேட்டுக்கிட்டே இருக்கும். இன்னொரு விண்டோவுல ping 8.8.8.8 -t, அது வெளி நெட்ல இருக்கிற கூகுள் சர்வரைக் கேக்கும். முதலாவது ஓடிக்கிட்டே இருந்து ரெண்டாவது மட்டும் நின்னா வீட்டுக்கு உள்ள ஒயரும் ரவுட்டரும் சரி, கோளாறு அதுக்கு அந்தப்பக்கம். ஒயர்ல ரெண்டும் நிக்காம போன்ல மட்டும் நெட் போச்சுன்னா அப்ப மாயவரத்தார் சொன்ன சேனல் வேலையைப் பாருங்க.

குடமுருட்டி:
அண்ணே பார்த்துட்டேன். வெள்ளைப் பொட்டியில லைட்டு மொத்தமா அணைஞ்சு முதல்லேர்ந்து வருது. சிவப்பு லைட்டு வரவே இல்ல. ரவுட்டர் அப்டைம் நாள் கணக்குல காட்டுது, பொட்டியோட அப்டைம் பத்து நிமிஷம் கூட இல்ல. ரெண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்லதான் இருக்கு, ஒண்ணு மட்டும் ஏன் அணையணும்?

வெண்ணாறு:
மாட்டிக்கிச்சு. நீங்க மாத்தினது ரவுட்டரை, அணையிறது வெள்ளைப் பொட்டி. அதோட அடாப்டரைத்தான் சந்தேகப்படணும்.

எப்படின்னு சொல்றேன், ஏன்னா இது நம்ம கிராமத்துல திரும்பத் திரும்ப வர்றது. சாயங்காலம் உங்க வீட்டுல மிக்சி சத்தம் இளைக்குதா, பேன் மெதுவா சுத்துதா? டிரான்ஸ்பார்மர்லேர்ந்து கடைசி வீடுகளுக்கு அந்த நேரம் 230 வோல்ட் வராது. எல்லா வீட்டு லைட்டும் பேனும் போட்டிருப்பாங்க, கூடவே எங்கயாவது போர் மோட்டார் ஓடுச்சுன்னா 170, 160ன்னு இறங்கும். அடாப்டர் மேல 100-240 வோல்ட்னு அச்சடிச்சிருக்கே, 160ல ஓடணுமேன்னு கேப்பீங்க. புதுசா இருந்தா ஓடும். உள்ள ஒரு பெரிய கப்பாசிட்டர் இருக்கு. ஏசி கரண்ட்டு செகண்டுக்கு நூறு தடவை பூஜ்ஜியத்தைத் தொட்டு ஏறுது இல்லையா, அந்தப் பள்ளத்துல எல்லாம் சரக்கு கொடுத்துத் தாங்குறது அந்த கப்பாசிட்டர்தான். அதுக்குள்ள இருக்கிற திரவம் சூட்டுல காய்ஞ்சுக்கிட்டே வரும். பத்து டிகிரி சூடு கூடுனா ஆயுசு பாதியாவும்னு அந்தத் தொழில்ல ஒரு கணக்கு உண்டு. டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாடி காத்தே இல்லாத இடத்துல சித்திரை வெயில்ல வருஷக்கணக்கா கிடந்தா என்ன ஆவும்? காய்ஞ்ச கப்பாசிட்டர் 230ல எப்படியோ சமாளிச்சுடும், 170க்கு வந்தா பள்ளத்தைத் தாண்ட முடியாம கையை விட்டுடும். பொட்டி ஒரு நொடி கூட பொறுக்காது, ரீஸ்டார்ட்டுதான். பகல்ல வர்ற ஆளுக்கு இது கண்ணுல படவே படாது.

சும்மா அடாப்டர் முனையில மீட்டர் வச்சுப் பார்க்காதீங்க, லோடு இல்லாதப்ப செத்த அடாப்டரும் 12 வோல்ட் காட்டும். சிசிடிவி கடையில ஒரு முனை உள்ள வாங்கி ரெண்டா பிரியிற பவர் ஒயர் விப்பாங்க, கேமராவுக்குப் போடுறது. அதை வாங்கி ஒரு காலைப் பொட்டியில சொருகிட்டு இன்னொரு காலுல மீட்டரை வைங்க. பொட்டி ஓடிக்கிட்டு இருக்கிறப்ப என்ன வோல்ட்டுன்னு அப்பதான் தெரியும். மீட்டர் முனை ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு தொட்டுக்காம பார்த்துக்கங்க.

டீச்சர்_மன்னை:
வெண்ணாறு சார், இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க வீட்டுல நீங்க சொன்ன ரெண்டாவது வகை, அந்த லாஸ் லைட்டு சிவப்பா கண் சிமிட்டும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில மட்டும்தான், வெயில் அடிச்சா போயிடும். பைபர்ல கரண்ட்டே போறதில்லையே, கண்ணாடி இழைதானே, மழைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? பத்தாவது பசங்களுக்கு ராத்திரி ஆன்லைன்ல சந்தேகம் சொல்லித்தர்றேன், மழைக்காலம் பூரா இந்தக் கொடுமைதான்.

வெண்ணாறு:
வாங்க டீச்சர். கண்ணாடிக்கு மழை ஒண்ணும் பண்ணாது, இணைப்புல இருக்கிற கோளாறுதான். தெருக் கம்பத்துல ஒரு கருப்பு டப்பா தொங்கும், மூடி சரியா பொருந்தாம, அணிலோ எறும்போ கூடு கட்டி, தண்ணி உள்ள நிக்கும். இழையை உருக்கி ஒட்டுற பியூஷன் மெஷின் வச்சு ஒட்டாம கையால போடுற கனெக்டர் இருந்தா ஈரமும் அழுக்கும் இழை முனையில ஏறிடும், வெளிச்சம் குறையும். இன்னொண்ணு, மழைக்காத்துல கிளை ஒயர் மேல சாஞ்சு வளைக்கும். சுண்டு விரல்ல சுத்துற அளவுக்கு வளைஞ்சா வெளிச்சம் இழையை விட்டு வெளியே கசியும்.

பொட்டியோட ஸ்டேட்டஸ்ல ஆப்டிகல் பவர், ஆர்எக்ஸ் பவர்னு மைனஸ்ல ஒரு நம்பர் இருக்கும் டீச்சர். மைனஸ் 15லேர்ந்து 24 வரைக்கும் இருந்தா கவலை இல்ல. மைனஸ் 27 தாண்டுனா பெரும்பாலான பொட்டி திணறும். வெயில்ல ஒண்ணு, மழையில ஒண்ணு எடுத்து போட்டோவோட கேபிள்காரருக்கு அனுப்புங்க. "நெட் வரல"ன்னா ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு சொல்லுவாங்க, "வெயில்ல மைனஸ் 21, மழையில மைனஸ் 28"ன்னு சொன்னா ஆள் ஏணி எடுத்துட்டு வருவாரு. வீட்டுக்குள்ள இருக்கிற பச்சைக் கலர் முனையை நீங்களா கழட்டிப் புடவைத் தலைப்பால துடைக்க வேண்டாம், அதுல தூசு ஒட்டுனா இன்னும் மோசமாவும். கழட்டின முனையைக் கண்ணுக்கு நேரா வச்சுப் பார்க்கவே கூடாது. வர்ற வெளிச்சம் 1490 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது, அதனால இல்லைன்னு நினைச்சுடக் கூடாது. புள்ளைங்களுக்கும் சொல்லி வைங்க.

ரேழிவீடு:
கும்பகோணத்துல பழைய வீடு. வாசல் திண்ணை, ரேழி, கூடம், முத்தம், ரெண்டாங்கட்டு, அப்புறம் கொல்லை. நெட் பொட்டி ரேழியில. கூடத்துக்கு வர்றதுக்குள்ளயே சிக்னல் பாதி, ரெண்டாங்கட்டுல என் ரூம், அங்க ஒரு கோடு. அமேசான்ல ரிப்பீட்டர் வாங்கி முத்தத்துத் தூண் பக்கத்துல மாட்டுனேன், சிக்னல் முழுசா காட்டுது, ஆனா நெட் இன்னும் மெதுவாயிடுச்சு. அப்புறம் அத்திம்பேர் அவர் பழைய ரவுட்டரைக் கொடுத்தாரு, ஒயர் இழுத்து மாட்டுனோம், அன்னைலேர்ந்து வீடு பூரா யாருக்கு எப்ப வரும்னு சொல்ல முடியல. என்ன பண்றது?

வெண்ணாறு:
அந்த வீடுகள்ல சுவர் ஒன்றரை அடிக்குக் குறையாது, செங்கல்லும் சுண்ணாம்பும், 5 கிகாஹெர்ட்ஸ் அதுல ஒண்ணு தாண்டுறதே பெரிசு. ரிப்பீட்டர் வாங்குறதும் கொடுக்கிறதும் ஒரே ரேடியோவுலன்னா ஸ்பீடு பாதியாத்தான் போவும். ஒயர் இழுத்தது சரியான வேலை, அதை விட்டுடாதீங்க.

அத்திம்பேர் ரவுட்டர்ல செட்டிங் மாத்தாம மாட்டியிருப்பீங்க. அதுவும் 192.168.1.1, இதுவும் 192.168.1.1. ரெண்டு பேரும் வீட்டுல வர்ற போனுக்கெல்லாம் நம்பர் கொடுக்கிறாங்க, யார் முந்துறாங்களோ அவங்க சொல்றபடி போன் போவுது. பழைய ரவுட்டரைத் தனியா லேப்டாப்ல மாட்டி அதோட அட்ரஸை 192.168.1.2ன்னு வைங்க, டிஎச்சிபின்னு (DHCP) இருக்கிறதை அணைச்சுடுங்க, அந்த நம்பர் கொடுக்கிற வேலை அதுதான். ஒயரை வான் (WAN) போர்ட்ல சொருகாம லேன் போர்ட்ல சொருகுங்க. வைஃபை பேரும் பாஸ்வேர்டும் முன்னாடி இருக்கிறதேதான் வைக்கணும், சேனல் மட்டும் வேற. அவ்வளவுதான்.

என்ன ஒயர் போட்டீங்க? மலிவா கிடைக்கிற கேட் 6 நிறைய சிசிஏன்னு வருது, அலுமினியத்து மேல செம்பு பூசினது. வளைச்சா உள்ள முறியும். கத்தியால ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்க, வெள்ளையா தெரிஞ்சா அலுமினியம்.

ரேழிவீடு:
மாமா, ரொம்ப நன்றி. டிஎச்சிபி அணைச்சதும் எல்லாருக்கும் நிலையா வருது. ஒயர் சுரண்டினேன், செம்புதான். ஆனா லேப்டாப்ல லிங்க் ஸ்பீடு 100ன்னு காட்டுது, ரெண்டு ரவுட்டரும் ஜிகாபிட், 1000 காட்டணுமே.

வெண்ணாறு:
நூறுக்கு நாலு இழை போதும், ஒண்ணு ரெண்டு மூணு ஆறு. ஜிகாபிட்டுக்கு எட்டும் வேணும். உங்களுக்கு நாலு, அஞ்சு, ஏழு, எட்டுல ஒண்ணு பிடிக்கல. ஒயர் முனையில இருக்கிற கிளிப்பைக் கண்ணுக்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க, எட்டு இழை முனையும் பிளாஸ்டிக்கோட கடைசி சுவர்ல முட்டிக்கிட்டு இருக்கணும், எதாவது ஒண்ணு அரை மில்லி பின்னாடி நிக்கும், அதான். வெட்டிட்டு புதுசா அடிங்க, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். ரெண்டு முனையும் இதே வரிசை.

குடமுருட்டி:
அண்ணே, அந்தக் கேமரா ஒயர் வாங்கிப் பார்த்தேன். மத்தியானம் பொட்டி ஓடுறப்ப 11.9. ஏழரை மணிக்குப் பிளக்குல 168 வோல்ட், அடாப்டர் 11.2, 10.6ன்னு ஆடிக்கிட்டே இருந்துச்சு, பக்கத்துக் கொல்லையில மோட்டார் போட்ட சத்தம் கேட்டுச்சு, மீட்டர் 9க்குக் கீழ போச்சு, பொட்டி அணைஞ்சுது. கண்ணாலயே பார்த்துட்டேன். ரவுட்டரோட அடாப்டரைப் போட்டுப் பார்க்கலாம்னா அது 9 வோல்ட். புதுசு வாங்க என்ன பார்க்கணும்?

வெண்ணாறு:
9 வோல்ட்டை அதுல சொருகாம விட்டீங்களே, நல்லது. வோல்ட் அச்சு அசலா அதே 12 இருக்கணும். ஆம்பியர் பழசுல எவ்வளவு போட்டிருக்கோ அதுக்குக் குறையக் கூடாது, கூட இருந்தா தப்பில்ல. பழசு 1 ஆம்பியர்னா ஒன்றரையோ ரெண்டோ வாங்குங்க. நடுமுனை பிளஸ்ஸான்னு ரெண்டு அடாப்டர் மேலயும் அச்சடிச்சிருக்கிற பிளஸ் மைனஸ் வட்டப் படத்தைப் பாருங்க. முனை வெளிச்சுற்று 5.5 மில்லி எல்லாத்துலயும் ஒண்ணாத்தான் தெரியும், உள்ள ஓட்டை 2.1, 2.5ன்னு ரெண்டு வரும். 2.5 முனையை 2.1 பொட்டியில போட்டா உள்ள போயிடும், ஆனா பிடிக்காது, ஒயரைத் தொட்டாலே அணையும். கடையிலயே சொருகி லேசா ஆட்டிப் பார்த்து வாங்குங்க.

கேபிள்காரர்கிட்டயும் இதைச் சொல்லிடுங்க. பொட்டி அவரோடதுன்னா அடாப்டரும் அவர்தான் மாத்தித் தரணும், அதுக்குத்தானே மாசாமாசம் கட்டுறீங்க.

மாயவரத்தான்_நெட்:
வெண்ணாறு அண்ணன் சொன்னதுல ஒண்ணு சேர்க்கிறேன். 12 வோல்ட் மினி யுபிஎஸ்னு ரவுட்டருக்குன்னே சின்னதா வருது, லித்தியம் பேட்டரி உள்ள. அதைப் போட்டா இந்த ஏத்த இறக்கம் எல்லாம் பேட்டரி தாங்கிக்கும், கரண்ட்டு போனாலும் ரெண்டு மூணு மணி நேரம் நெட் நிக்கும். வீட்டு இன்வெர்ட்டர் இருக்கேன்னு நினைப்பாங்க, ஆனா அது மாறுற அந்த இமைப்பொழுதுல நிறைய பொட்டி ரீஸ்டார்ட் ஆயிடும். எங்க வீட்டுல அப்படித்தான் ஆயிட்டிருந்துச்சு, மினி யுபிஎஸ் வந்தப்புறம் இல்ல.

உப்பளம்:
வேதாரண்யத்துலேர்ந்து எழுதுறேன். நீங்க எல்லாரும் சொல்றது உள்நாட்டுக் கதை, கடலோரத்துல இன்னொண்ணு இருக்கு. இங்க காத்துலயே உப்பு. லேன் கிளிப்பு, பவர் முனை எல்லாம் பச்சையா பூத்துடும். லிங்க் வரும் போவும், கிளிப்பை இழுத்து சொருகுனா கொஞ்ச நாள் சரியா இருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹால்ல பழைய டூத் பிரஷை நனைச்சு, கரண்ட்டு நிறுத்திட்டுத் தேய்ச்சா போவும், ஆனா பூத்த கிளிப்பை வெட்டிப் போட்டுட்டு புதுசு அடிக்கிறதுதான் நிலைக்கும். வெளியில இருக்கிற டப்பாவுக்கெல்லாம் ஒயர் மேலேர்ந்து நேரா உள்ள போவக் கூடாது, கீழ ஒரு தொங்கல் விட்டு ஏத்தணும், தண்ணி அந்தத் தொங்கல்லயே சொட்டிடும்.

2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப இங்க கம்பம், தென்னை, கேபிள் ஒண்ணு மிஞ்சல. அதுக்கப்புறம் அவசரத்துல இழுத்ததுல பல இடத்துல ஒட்டுக்கு மேல ஒட்டு. என் கேள்வி என்னன்னா, தோப்புக்கு அந்தப்பக்கம் அண்ணன் வீடு, ஏறக்குறைய அறுபது மீட்டர். ஒரே நெட்டைப் பங்கு போட்டுக்க லேன் ஒயரைத் தென்னையில கட்டி இழுத்திருக்கோம். இடி மழை ஒண்ணு வந்தா ரெண்டு பக்கமும் போர்ட் செத்துடுது. பிளக்கை எல்லாம் பிடுங்கி வச்சும் போவுது. ஏன்?

வெண்ணாறு:
பிளக்கைப் பிடுங்குனீங்க, லேன் ஒயரைப் பிடுங்குனீங்களா? பக்கத்துல எங்கயாவது இடி விழுந்தா போதும், உங்க மேலயே விழணும்னு இல்ல. அறுபது மீட்டர் செம்பு வெட்டவெளியில கிடந்தா அதுல தானா ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறும், முனையில இருக்கிற போர்ட் வழியாத்தான் அது இறங்கப் பார்க்கும். ரெண்டு வீட்டுக்கும் எர்த் வேற வேற. இடி நேரத்துல ரெண்டு எர்த்துக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசமும் அந்த ஒயர் வழியாத்தான் ஓடும். சர்ஜ் புரொடெக்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இதுல ஒண்ணும் பண்ண முடியாது, அது நிக்கிறது பவர் வாசல்ல, இடி வர்றது லேன் வாசல்ல. இந்த ஒயரை இப்படியே வச்சிருக்கிறது மனுஷனுக்கும் ஆபத்து, சீக்கிரம் எடுத்துடுங்க.

அதுக்குப் பதிலா பைபர் இழுங்க. கண்ணாடியில கரண்ட்டு ஏறாது. ஆனா தட்டையா வர்ற டிராப் ஒயர்ல தாங்குறதுக்குன்னு ஒரு இரும்புக் கம்பி கூடவே ஓடும், அதைச் சுவருக்கு வெளியவே கொக்கியில கட்டி நறுக்கிடணும், கம்பி இல்லாத இழை மட்டும் வீட்டுக்குள்ள வரணும். நிறைய பேர் கம்பியோடயே ஜன்னல் வழியா பொட்டி வரைக்கும் கொண்டாந்துடுறாங்க, டீச்சர், குடமுருட்டி தம்பி, நீங்களும் உங்க வீட்டுல ஒரு தடவை பாருங்க.

உப்பளம்:
லேன் ஒயரைப் பிடுங்கல, அது கரண்ட்டு ஒயர் இல்லையேன்னு விட்டிருந்தோம். இன்னைக்கே கழட்டிடுறோம். பைபர் போட்டா ரெண்டு முனையிலயும் என்ன பொட்டி வைக்கணும்ணே?

வெண்ணாறு:
மீடியா கன்வெர்ட்டர், பைபர் வெளிச்சத்தை லேன் ஒயருக்கு மாத்திக் கொடுக்கிற பொட்டி, ஜிகாபிட்டுன்னு கேட்டு வாங்குங்க. ஒரே இழையில போக வர ஓடுறது ஏ, பின்னு ஜோடியா வரும், ஒண்ணு 1310 நானோமீட்டர் வெளிச்சத்துல அனுப்பி 1550ல வாங்கும், மத்தது தலைகீழா. ரெண்டும் ஏ வாங்கிட்டீங்கன்னா லிங்க் லைட்டே எரியாது, ஒரே டப்பாவுல ஜோடியா இருக்கிறதைக் கேளுங்க. ஒயர் எழுபத்தஞ்சு மீட்டரா எடுங்க, ரெண்டு பக்கமும் சுருள் கொஞ்சம் விட்டு வைங்க, மரம் விழுந்து அறுந்தா இழுத்து ஒட்ட இடம் வேணும். முனை ஒட்டுறதுக்கு மட்டும் பியூஷன் மெஷின் வச்சிருக்கிற ஆளைக் கூப்பிடுங்க, கை கனெக்டர் உங்க ஊர் உப்புக்கு நிக்காது.